பந்தயத்தில் வென்றது, பட்டறையில் தோற்றது

1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு தன் முதன்மைப் பிரிவில் நடத்திய கார்ப் பந்தயங்கள் மொத்தம் 34. அவற்றில் 27-ஐ ஹட்ஸன் ஹார்னெட் என்ற ஒரே வகைக் கார் வென்றது. எதிரில் ஓடிய ஓல்ட்ஸ்மொபைல்களில் அந்தக் காலத்தின் புதுமையான வி-8 எஞ்சின் இருந்தது. ஹார்னெட்டில் இருந்ததோ ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும், வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய பாணி எஞ்சின். ஆனால் மண் பாதையின் வளைவுகளில் மற்ற கார்கள் சாய்ந்து தடுமாறிய இடத்தில் ஹார்னெட் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அந்த ஆண்டின் சாம்பியன் டிம் ஃப்ளாக், அடுத்த ஆண்டு ஹெர்ப் தாமஸ். இருவரும் ஓட்டியது ஹட்ஸன்.

1954 மே மாதம் அந்த ஹட்ஸன் கம்பெனி நாஷ் என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அதே ஆண்டு அக்டோபரோடு டெட்ராய்ட் ஆலையில் கார் செய்வது நின்றது. 1957-க்குப் பிறகு ஹட்ஸன் என்ற பெயரில் கார் வரவேயில்லை.

மறைந்துபோன கார்களைப் பற்றி அமெரிக்கர்கள் பேசத் தொடங்கினால் ஒரு நீண்ட பட்டியல் வரும்: பேக்கார்ட், ஸ்டூட்பேக்கர், ஹட்ஸன், நாஷ், டிசோட்டோ, ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக். பெரும்பாலும் அந்தப் பேச்சு ஒரே இடத்தில் போய் முடியும்: வெளிநாட்டுக் கார் வந்தது, நம் கார் அழிந்தது. கடைசி இரண்டு பெயர்களுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதிகம் ஏங்கப்படும் பெயர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1955-இல் அமெரிக்காவில் விற்ற நூறு கார்களில் ஒன்றுகூட வெளிநாட்டுக் கார் இல்லை. டொயோட்டாவின் முதல் கார்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியதே 1957-இல்தான். நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்காமல் சில ஆண்டுகளில் திரும்பியும் போயின. ஹட்ஸன் அதற்கு முன்பே படுத்துவிட்டது. அதைப் படுக்க வைத்தது எது என்று பார்க்கப் போனால், நாம் ஒரு பிரஸ் பட்டறைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் காரின் அருமையைச் சொல்லிவிட வேண்டும். அக்காலத்துக் கார் என்றால் அடியில் ஏணி போன்ற ஒரு எஃகுச் சட்டம் இருக்கும். மெக்கானிக்குகள் சேஸ் என்பார்கள். சட்டத்தின் மேல் தளம், தளத்தின் மேல் இருக்கை, இருக்கையில் ஆட்கள். ஏறித்தான் உட்கார வேண்டும். 1948 மாடலில் ஹட்ஸன் பொறியாளர்கள் தளத்தை எடுத்துச் சட்டத்தின் நடுவே கீழே இறக்கினார்கள். சட்டம் பயணிகளைச் சுற்றி வளைந்து, பின்சக்கரங்களுக்கும் வெளிப்புறமாகச் சென்றது. பாடியும் சட்டமும் வெல்டிங்கால் இணைந்து ஒரே கூடாயின. கதவைத் திறந்து விளிம்பைத் தாண்டிக் காலைக் கீழே வைத்து உள்ளே இறங்க வேண்டும். அதனால் 'ஸ்டெப்-டவுன்' என்றே அதை விளம்பரம் செய்தார்கள்.

தளம் தாழ்ந்ததால் ஈர்ப்பு மையம் தாழ்ந்தது. வளைவில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். காரைத் திருப்பும் விசை டயரும் தரையும் தொடும் இடத்தில் பிறக்கிறது. காரின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியோ அதற்கு இரண்டு மூன்று அடி மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாடு ஒரு நெம்புகோல்போல வேலை செய்து, உள்பக்கச் சக்கரங்களின் மேலிருந்த பாரத்தை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. உயரம் கூடினால் தள்ளலும் கூடும். போகட்டும், பாரம் இங்கிருந்து அங்கே போனால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். ரப்பரின் குணம் அங்கேதான் குறுக்கே வருகிறது. ஒரு டயர் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை; அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே வெளிப்பக்க டயர் பெறுவது, உள்பக்க டயர் இழந்ததை ஈடுகட்டாது. நான்கு டயர்களையும் கூட்டிப் பார்த்தால் பிடிமானம் குறைந்திருக்கும். மையம் தாழ்ந்த காருக்கு இந்த இழப்பு குறைவு. மண் பாதையில் ஹார்னெட் காட்டிய வித்தை இவ்வளவுதான். அதைக் கணக்கிட்டு, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் விற்பனைக் காரில் கொண்டுவந்த துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தத் துணிச்சலே பிறகு கழுத்தை இறுக்கியது.

ஒரு காரின் மட்கார்டு எப்படிப் பிறக்கிறது? தட்டையான எஃகுத் தகட்டை இரண்டு பெரிய அச்சுகளுக்கு நடுவே வைத்து பிரஸ் அழுத்துகிறது. தொழிற்கூடத்தில் அந்த அச்சுக்கு டை என்று பெயர். ஒரே அழுத்தில் வேலை முடியாது. வளைக்க ஒரு டை, ஓரம் வெட்ட ஒரு டை, துளையிட ஒன்று, விளிம்பு மடிக்க ஒன்று. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. தேர்ந்த கைவினைஞர்கள் மாதக்கணக்கில் செதுக்கித் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், ஏனென்றால் டையில் இருக்கும் சிறு கீறலும் ஒவ்வொரு காரின் மேலும் தெரியும். முழுக் காருக்கு இப்படி நூற்றுக்கணக்கான டைகள் வேண்டும்.

டை ஒன்று செய்ய ஆகும் செலவு, அதில் ஒரு மட்கார்டு அடித்தாலும் பத்து லட்சம் அடித்தாலும் ஒன்றேதான். கணக்குக்காக ஒரு புது பாடிக்கான டைகள் எல்லாம் சேர்ந்து 1 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கார் விற்பவருக்குக் காருக்கு 10 டாலர் விழும். 50,000 கார் விற்பவருக்கு 200 டாலர். ஹார்னெட்டின் விலை அப்போது சுமார் 2,500 டாலர். அதில் 200 என்பது லாபம் முழுவதையும் தின்றுவிடக்கூடிய தொகை. 1950-இல் செவ்ரலே ஏறத்தாழ 15 லட்சம் கார்கள் செய்தது. அதே ஆண்டு ஹட்ஸன் செய்தது ஒரு லட்சத்துச் சொச்சம், 1954-இல் அதில் பாதிகூட இல்லை.

நம் ஊரில் இதே கணக்கின் மறுபக்கத்தை ஒரு தலைமுறை முழுவதும் சாலையில் பார்த்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் டைகளும் கருவிகளும் இங்கிலாந்திலிருந்து வந்து, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957-இல் அம்பாசிடர் ஆயின. 2014 வரை அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. போட்டி அதிகமில்லாத அந்தச் சந்தையில் பல பத்தாண்டுகள், செலவு என்றோ அடைந்துவிட்ட டைகளை மாற்ற ஆலைக்கு எந்த அவசரமும் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், வாங்குபவர் மனத்தில் போன வருடக் காரைப் பழசாக்கிவிட வேண்டும் என்ற முடிவோடு 1920-களிலேயே ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். 1927-இல் ஹார்லி எர்ல் தலைமையில் உருவத்தை மட்டுமே கவனிக்கும் தனித் துறை ஒன்று அங்கே பிறந்தது. ஆண்டுதோறும் முகப்பு மாறும், வாலில் துடுப்பு முளைக்கும், குரோமியப் பட்டை இடம் மாறும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்பவருக்கு இது தாங்கும். தனிச் சட்டத்தின் மேல் பாடியை வைத்துச் செய்பவருக்கு இன்னும் எளிது. அடியில் இருப்பதைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் மாற்றலாம்.

ஹட்ஸனால் அது முடியவில்லை. அதன் தோலும் எலும்பும் ஒன்று. கூரையின் வளைவை மாற்ற வேண்டுமென்றால் காரைத் தாங்கும் அமைப்பையே மாற்ற வேண்டும்; அதாவது பெரும்பாலான டைகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். பணம் இல்லை. ஆகவே 1948-இல் பிரமிக்க வைத்த உருவம் சிற்சில ஒப்பனைகளோடு 1954 வரை அப்படியே நின்றது. புது வி-8 எஞ்சினுக்கும் பணம் இல்லை. கையில் இருந்ததைத் திரட்டி 1953-இல் ஜெட் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தார்கள். பார்க்க லட்சணமில்லாத அந்தக் கார் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஹட்ஸன் ஜெயிப்பதைக் கைதட்டிப் பார்த்த ஆள், திங்கட்கிழமை போய்ப் புது முகப்போடு நின்ற செவ்ரலேயை வாங்கினார்.

அதே நேரத்தில் இரண்டு யானைகள் மோதிக்கொண்டன. செவ்ரலேயை முந்தியே தீர வேண்டும் என்று ஃபோர்டு 1953-இல் உற்பத்தியை முடுக்கிவிட்டது. செவ்ரலேயும் விட்டுக்கொடுக்கவில்லை. இரு தரப்பு டீலர்களின் முற்றத்திலும் கேட்காத கார்கள் வந்து குவிந்தன. வந்த விலைக்குத் தள்ளினார்கள். ஃபோர்டுக்கும் செவ்ரலேக்கும் இதனால் பெரிய காயம் இல்லை. நசுங்கியவர்கள் அருகில் நின்ற சிறியவர்கள்.

நாஷ் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசன் இந்தக் கணக்கை முன்கூட்டியே புரிந்துகொண்டவர். நாஷ், ஹட்ஸன், ஸ்டூட்பேக்கர், பேக்கார்ட் ஆகிய நான்கும் ஒன்றானால், ஒரே டையை நான்கு பெயர்களுக்குப் பங்கிட்டுப் பிழைக்கலாம் என்று அவர் நம்பினார். முதல் இரண்டு சேர்ந்தன. அடுத்த இரண்டும் 1954-இல் தங்களுக்குள் சேர்ந்தன. இந்த இரு கூட்டணிகளும் கைகோக்க வேண்டிய தறுவாயில், அக்டோபர் மாதம், மேசன் இறந்துபோனார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பேச்சைத் தொடரவில்லை.

பேக்கார்டின் முடிவு எனக்கு இவற்றில் எல்லாம் அதிகம் வலிப்பது. இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை உரிமம் பெற்று 55,000-க்கு மேல் செய்து கொடுத்த ஆலை அது. முஸ்டாங் போர் விமானங்களில் பெரும்பாலானவை பறந்தது அந்த எஞ்சினில்தான். அவ்வளவு நுட்பமான உலோக வேலை தெரிந்தவர்கள், செலவு மிச்சம் என்று கார் பாடி செய்யும் வேலையை மட்டும் பிரிக்ஸ் என்ற வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். 1953 இறுதியில் அந்த பிரிக்ஸை கிரைஸ்லர் வாங்கிவிட்டது. போட்டியாளர் இனி பேக்கார்டுக்கு பாடி செய்து தருவாரா? டெட்ராய்ட்டில் இடநெருக்கடியான ஓர் ஆலையில் அவசர அவசரமாக பாடி வேலையைத் தொடங்கினார்கள். 1955 மாடலில், சாலையின் மேடுபள்ளத்தை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குக் கடத்திச் சமப்படுத்தும் நீண்ட முறுக்குக் கம்பிகள் கொண்ட அற்புதமான சஸ்பென்ஷன் இருந்தது. ஆனால் பொருந்தாத கதவுகளோடும் குறைகளோடும் கார்கள் வெளியே வந்தன. மறு ஆண்டு டெட்ராய்ட்டில் பேக்கார்ட் உற்பத்தி முடிந்தது. 1958-க்குப் பிறகு அந்தப் பெயரும் இல்லை.

ஸ்டூட்பேக்கர் இன்னும் சில ஆண்டுகள் தாங்கியது. 1852-இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கொல்லுப்பட்டறை அது. குதிரை வண்டி செய்து, உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு வண்டிகள் கொடுத்து, 1902-இல் மின்சாரக் காரும் 1904-இல் பெட்ரோல் காரும் செய்தவர்கள். 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலை மூடப்படுவதாக அறிவித்தார்கள். கனடாவில் ஒரு சிறு ஆலை மட்டும் 1966 வரை ஓடியது.

ஆலை மூடியபோது ஓய்வூதிய நிதியில் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை என்பது தெரியவந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழு ஓய்வூதியம். 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சுமார் 4,000 தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதம். சராசரியாக 23 ஆண்டுகள் அங்கே உழைத்திருந்தவர்கள் அவர்கள். அதைவிட இளையவர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கொடுமை பத்தாண்டுகள் பேசப்பட்டு, தனியார் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கும் சட்டமாக 1974 செப்டம்பரில் கையெழுத்தானது. நிதி முறிந்தால் ஈடுகட்ட ஒரு அரசுக் காப்பீட்டு அமைப்பும் அதனால் பிறந்தது. பழைய கார்களைக் கொண்டாடும் நூல்களில் ரேமண்ட் லோவி குழு வரைந்த ஸ்டூட்பேக்கர் கூப்பேயின் வளைவுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. இந்தச் சட்டத்துக்கும் அதே அளவு இடம் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ஜப்பானுக்குப் போகலாம், ஏனென்றால் அந்த டை கணக்கு அங்கேயும் காத்திருந்தது.

1950-இல் டொயோட்டாவைப் பார்த்தவர்கள் அது பிழைக்கும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் செய்த பயணிகள் கார்கள் மூவாயிரம்கூட இல்லை, மிச்சமெல்லாம் லாரி. அந்த ஆண்டு பெரிய வேலைநிறுத்தம், நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகல். கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. வெளிநாட்டுக் கார்கள் எளிதில் நுழைய முடியாதபடி ஜப்பான் அரசு போட்ட வேலியும் உதவியது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹட்ஸனுக்கு அப்படி ஒரு வேலி கிடைக்கவில்லை. ஆனால் டை கணக்கில் டொயோட்டா, ஹட்ஸனைவிடப் பல மடங்கு மோசமான நிலையில் இருந்தது.

டெட்ராய்ட் முறையில் ஒரு பிரஸ் ஒரே பாகத்தை மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கும். டொயோட்டாவிடம் அத்தனை பிரஸ் வாங்கப் பணம் கிடையாது. இருக்கும் சில பிரஸ்களிலேயே எல்லாப் பாகங்களையும் அடிக்க வேண்டும்; அடிக்கடி டையைக் கழற்றி வேறு டை பூட்ட வேண்டும். டன் கணக்கான எடையை நகர்த்தி, மில்லிமீட்டர் பிசகாமல் பொருத்தும் அந்த வேலைக்கு அமெரிக்க ஆலைகளில் தனி நிபுணர்கள் இருந்தார்கள். ஒரு முறை மாற்ற ஒரு நாள்கூட ஆகும். தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் சில பழைய அமெரிக்க பிரஸ்களை வாங்கிப் போட்டு இந்த ஒரு வேலையையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். டையை உருட்டி நகர்த்த உருளைகள், எளிதில் சரிசெய்யும் பொருத்திகள். பிரஸ் ஓட்டும் தொழிலாளியே டையை மாற்றவும் கற்றுக்கொண்டார். 1950-களின் இறுதிக்குள் ஒரு நாள் வேலை சில நிமிட வேலையானது.

அப்போது அவர்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. சிறு சிறு தொகுதிகளாக அடித்தால், பெருந்தொகுதியாக அடிப்பதைவிடப் பாகம் ஒன்றுக்குச் செலவு குறைந்தது. கிடங்கில் பாகங்களைக் குவித்து வைக்க வேண்டியதில்லை, பணம் முடங்குவதில்லை. அடித்த பாகம் உடனே காரில் ஏறுவதால், டையில் பிசகு இருந்தால் சில பாகங்களுக்குள் அகப்பட்டுவிடும்; பத்தாயிரம் வீணான பிறகு அல்ல. குறைவாகச் செய்வதிலும் லாபம் உண்டு என்று ஆனதும், பெரியவர் மட்டுமே பிழைக்க முடியும் என்ற விதி தளர்ந்தது. அந்த வித்தை ஹட்ஸனின் பட்டறையில், ஒரு பத்தாண்டு முன்னால், யாருக்காவது கைவந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஹோண்டாவின் கதை எஞ்சினுக்குள் நடந்தது. 1970-இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய தூய காற்றுச் சட்டம், புகையில் வரும் நச்சு வாயுக்களைச் சில ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. டெட்ராய்ட் அது நடக்காது என்று வாதாடிக்கொண்டிருந்தது. சிக்கல் உண்மையானதுதான். பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் முழுமையாக எரியும், கார்பன் மோனாக்சைடு குறையும், வெப்பமும் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். ஆனால் அவ்வளவு மெலிந்த கலவை தீப்பொறிக்குப் பற்றாது. ஹோண்டாவின் பொறியாளர்கள் சிலிண்டரின் தலையில் ஒரு சிற்றறை வைத்தார்கள். அதற்குள் ஒரு குட்டி வால்வு வழியாகச் செறிந்த கலவை கொஞ்சம் வரும். பொறி அதை எளிதில் பற்றவைக்கும். அங்கிருந்து பாயும் தீச்சுடர் கீழே உள்ள மெலிந்த கலவையை எரிக்கும். புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி எதுவும் இல்லாமலே சட்டத்தின் வரம்பு எட்டப்பட்டது.

சின்ன எஞ்சினில் நடக்கும், எங்கள் பெரிய எஞ்சினில் நடக்காது என்று சிலர் சொன்னார்கள். ஹோண்டா ஒரு 1973 செவ்ரலே இம்பாலாவை வாங்கி, அதன் 5.7 லிட்டர் வி-8 எஞ்சினுக்குத் தங்கள் முறையில் தலை செய்து பூட்டி, மிஷிகனில் உள்ள அரசு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் தேறியது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-இல் அந்த எஞ்சின் பூட்டிய சிவிக் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

சிறிய கார் அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாஷ் 1950-இலேயே ராம்ப்ளர் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. தனிச் சட்டம் இல்லாத ஒற்றைக் கூடு பாடியை 1941-லேயே பெருமளவில் செய்தது. வடிகட்டிய வெளிக் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பும் முறையை 1938-இல் தந்தது. 1960-களின் தொடக்கத்தில் ராம்ப்ளர் விற்பனையில் மூன்றாம் இடம்வரை வந்தது. பிறகு வந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் நிர்வாகம், பெரியவர்களோடு எல்லா அளவிலும் மோத வேண்டும் என்று பெரிய கார்களில் பணத்தை இறக்கியது. சிறிய காருக்கு மக்கள் அலைந்த காலம் வந்தபோது கை காலியாக இருந்தது. 1980 மாடலில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஈகிள் என்ற குடும்பக் காரைச் செய்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் கிராஸ்ஓவர் வகையின் முன்னோடி அது. 1987-இல் கம்பெனி கிரைஸ்லருக்கு விற்கப்பட்டது.

ஓல்ட்ஸ்மொபைலும் பான்டியாக்கும் மறைந்த விதத்தில் வெளிநாட்டுப் போட்டிக்கு நிச்சயம் பங்கு உண்டு. ஆனால் அங்கேயும் டை தன் வேலையைக் காட்டியது. செலவைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே பாடியைத் தன் பல பெயர்களுக்கும் பங்கிட்டது. மேசன் கனவு கண்ட அதே யோசனைதான், ஆனால் எல்லை மீறிப் போனது. 1983-இல் ஃபார்ச்சூன் இதழ் அட்டையில் அந்த நிறுவனத்தின் நான்கு கார்களை அருகருகே நிறுத்திப் படம் போட்டது. எது எந்தப் பெயர் என்று பிரித்துச் சொல்வது கடினம். பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டியை 1940 மாடலில் தந்த ஓல்ட்ஸ்மொபைல், பெயர்ப்பட்டையைத் தவிர வேறு அடையாளம் இல்லாத காராக முடிந்தது. 2004 ஏப்ரல் 29 அன்று லான்ஸிங் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. பான்டியாக் 2010-இல் போனது.

ஏக்கம் ஏன் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே எதிரியைப் பிடித்துக்கொள்கிறது? நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நடுவயது தாண்டியவர்களை வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், 10 முதல் 30 வயதுவரை நடந்தவை மற்ற காலங்களைவிட மிகுதியாக வருகின்றன. அமெரிக்கச் சிறுவன் 16 வயதில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். முதல் கார், முதல் சம்பளம், முதல் காதல் எல்லாம் அந்தக் குவியலில் விழுகின்றன. இன்னொன்று: நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்த கார்கள் மட்டுமே. பனிக்காலச் சாலையின் உப்பு தின்ற கோடிக்கணக்கான கார்கள் பழைய இரும்பாகிவிட்டன. அந்தக் காலத்து ஓடோமீட்டரில் முழு மைல்களுக்கு ஐந்து இலக்கம்தான். ஒரு லட்சம் மைல் தாண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1950-இல் அமெரிக்கச் சாலைகளில் ஒவ்வொரு 10 கோடி மைல் பயணத்துக்கும் ஏழு பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது அது ஒன்றரைக்கும் குறைவு.

தவறான எதிரியைப் பிடிப்பதற்கு விலை உண்டு. 1982 ஜூனில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞர் தன் திருமணத்துக்குச் சில நாள் முன்பு அடித்துக் கொல்லப்பட்டார். அடித்த இருவரில் ஒருவர் கார் ஆலை மேற்பார்வையாளர், மற்றவர் கார் ஆலையில் வேலையிழந்தவர். நம் ஆட்களுக்கு வேலை போனது உங்களால்தான் என்ற வசையைக் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். சின் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர். மாநில நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தந்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஒரு நாள் சிறைகூட இல்லை.

கார்களை நேசிப்பவர்கள் வேறு விதமாகவும் நேசித்திருக்கிறார்கள். ஹட்ஸன் பிரியர்களின் சங்கம் 1959-இல், கம்பெனி போன சூட்டோடு தொடங்கி, இன்றும் நடக்கிறது. தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்துகொள்கிறார்கள், கேஸ்கெட்டை வெட்டிக்கொள்கிறார்கள், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டுகிறார்கள். கம்பெனி செத்தாலும் கார் சாகாமல் இருக்க முடிந்தது, ஏனென்றால் அதன் ரகசியம் எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய உலோகத்தில் இருந்தது.

2024 ஜூனில் இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனி திவாலானது. ஃபிஸ்கர் என்று பெயர். ஓஷன் என்ற அதன் மின்சாரக் காரை ஆஸ்திரியாவில் ஓர் ஒப்பந்த ஆலை செய்து கொடுத்தது. வாங்கியவர்கள் சில ஆயிரம் பேர். அந்தக் காரின் பல வேலைகள் மென்பொருளில் நடக்கின்றன, அந்த மென்பொருளோ கம்பெனியின் சர்வரை எதிர்பார்த்து நிற்கிறது. உரிமையாளர்கள் அந்த ஆண்டே லாப நோக்கமற்ற சங்கம் ஒன்றை அமைத்தார்கள். உதிரிபாகங்களைத் தேடுகிறார்கள், நிரல் தெரிந்த சிலர் காருக்குள் ஓடும் சமிக்ஞைகளைத் தாங்களே படித்துப் பார்த்து, எது எதற்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.